ஜோதியம்மாள் காத்திருந்த ஒரு மணி நேரம்

செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் ஜோதியம்மாள் சமையல் வேலை பார்த்தாள். அவள் கணவன் அர்ஜுனன் மணிலாக்கொட்டை (வேர்க்கடலை) மண்டியில் மூட்டை தூக்கினான். 1993 ஐப்பசியில், ரிவர்ஸ் எடுத்த லாரி ஒன்று அவன் இடது காலைச் சுவரோடு வைத்து நசுக்கியது. முழங்காலை ஒட்டிச் சதை பிய்ந்து எலும்பு தெரிந்தது.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், முதுகிலிருந்து தோலோடு சதையை எடுத்துக் காலில் வைத்து, ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்தார்கள். புதுச்சதைக்கு ரத்தம் ஓடுகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். வார்டில் நாற்பது பேருக்கு இரண்டே நர்ஸ்கள். அதில் சரோஜா என்கிற நர்ஸ் ஜோதியம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"விரலால அழுத்திட்டு விடுங்க. வெளுத்துட்டு உடனே பழைய நிறம் வரணும். கறுத்துப் போனாலும், சில்லுனு ஆனாலும் கூப்பிடுங்க. அவரு தோலோட நிறம் எங்களவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

ஜோதியம்மாள் கட்டிலை விட்டு நகரவில்லை. முதல் நாள் ஒருமுறை கூப்பிட்டாள். மருந்தின் கறைதான் கறுப்பாகத் தெரிந்தது. மறுநாளும் கூப்பிட்டாள். டியூட்டி டாக்டர் வந்து ஊசியால் குத்தினார். சிவப்பாக ரத்தம் வந்தது.

"நல்லாத்தான் இருக்குது. சும்மா சும்மா கூப்பிடாதம்மா" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குச் சதை கொஞ்சம் கறுத்த மாதிரி தோன்றியது. விளக்கு வெளிச்சம்தானோ என்று நினைத்தாள். மறுபடியும் திட்டு வாங்கப் பயந்து, ஏழு மணிக்குச் சரோஜா வரட்டும் என்று இருந்துவிட்டாள். வந்த சரோஜா தொட்டுப் பார்த்துவிட்டு ஓடினாள்.

திரும்பவும் ஆபரேஷன் செய்தார்கள். குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. சதை பிழைக்கவில்லை; பத்து நாளில் எலும்பில் சீழ் வைத்து, தொடைக்குக் கீழே காலையே எடுத்தார்கள். "இன்னும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டர் யாரிடமோ சொன்னது அவள் காதில் விழுந்தது.

ஊருக்கு வந்தபின் அர்ஜுனன் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தான். சிடுசிடுப்பு ஏறியது. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டால் அவள் துடைத்துவிட்டு வேறு சோறு வைப்பாள். "அப்பாவை ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?" என்று மகள் இனியா கேட்டால், அடுப்படிக்குப் போய்விடுவாள்.

2002இல், எதிர்வீட்டுக் காசியம்மாளின் புருஷனுக்குக் கையில் அதே மாதிரி ஆபரேஷன் என்றார்கள். என்ன பார்க்கணும் என்று கேட்டுக் காசியம்மாள் வந்தாள்.

"யாரு திட்டினாலும் பரவாயில்ல, கூப்பிடு" என்றாள் ஜோதியம்மாள். "நான் ஒரு மணி நேரம் சும்மா இருந்துட்டேன். அதுலதான் இவரு காலு போச்சு."

காசியம்மாள் போகும்வரை அர்ஜுனன் கட்டிலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

"உன்னால போவல ஜோதி" என்றான். "அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். எட்டித் தொட்டுப் பார்த்தேன். சில்லுனு இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"மறுபடியும் ஆபரேஷனுக்கு உள்ள இட்டுக்கினு போவாங்க, திரும்பி வரமாட்டேன்னு பயம். அப்புறம் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நாளு போகப் போக வாய் வரல."

அவள் அரிசியைக் களைந்து சோறு வடித்துவைத்துவிட்டு விடுதி வேலைக்குப் போனாள். பதினொரு நாள் அவனோடு பேசவில்லை. நேரத்துக்குச் சோறு மட்டும் வைத்தாள். அதற்குப் பிறகு அவன் தட்டைத் தள்ளவே இல்லை.

2006இல் மாரடைப்பில் அர்ஜுனன் இறந்தான். காரியம் முடிந்த மறுநாள், அவன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது ஜோதியம்மாள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்பா மேல இன்னும் கோவமாம்மா?" என்று இனியா கேட்டாள்.

"கோவம் இல்ல. பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.