பூவம்மாளின் மீன்தொட்டி

திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கரில் நெல் போடும் ராஜமாணிக்கம், திருவள்ளூர் மீன்தொட்டிக் கடைப் படியை முதன்முதலாக மிதித்தது போன வருஷம் ஆடியில். மனைவி பூவம்மாள் பக்கவாதம் வந்து படுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வலது கை, கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. டிவி போட்டால் கண்ணை மூடிக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் இருந்த மீன்தொட்டியை மட்டும் அவள் விடாமல் பார்த்தது அவருக்கு நினைவிருந்தது.

கடைக்காரி ஜெனிபர் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் விசாரித்தாள்.

"உங்க ஊட்ல இன்னா தண்ணிங்கய்யா?"

"போர் தண்ணிம்மா. கொஞ்சம் உப்பு."

"அப்போ கப்பி, மோலி, பிளாட்டி எடுத்துக்கோங்க. உப்புத் தண்ணி தாங்கும், ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாது. ஃபைட்டர் அழகாத்தான் இருக்கும், ஆனா கப்பி வாலைக் கடிச்சிடும். பெரிய மீனு மட்டும் கூட உட்ராதீங்க. வாயில அடங்குற எதையும் முழுங்கிடும்."

பன்னிரண்டு மீன் வாங்கிவந்து, கட்டிலுக்கு இடப்பக்கம், அவள் கண்ணுக்கு நேராகத் தொட்டியை வைத்தார். பூவம்மாள் பார்க்கத் தொடங்கினாள். கறுப்பு மோலி குட்டி போட்ட அன்று, இடது கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். படுத்த நாளிலிருந்து அவளாக அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் அன்புசெல்வன் அம்பத்தூரிலிருந்து வந்தான். கையில் தண்ணீர்ப் பைக்குள் ஒரு பிளவர்ஹார்ன் மீன். உள்ளங்கை அகலம், புடைத்த நெற்றி. வாஸ்து மீன், வீட்டில் வைத்தால் நோய் விலகும் என்று கூட வேலை செய்பவன் சொல்லியிருந்தான். அப்பா வயலுக்குப் போயிருந்தார். அன்புசெல்வன் அதைத் தொட்டியில் விட்டான்.

"உனக்குத்தாம்மா. சீக்கிரம் எழுந்து உக்காந்துடுவ, பாரு."

சொல்லிவிட்டு, அவளுக்கு மாத்திரை வாங்க டவுனுக்குக் கிளம்பினான்.

ராஜமாணிக்கம் திரும்பியபோது கட்டில் சட்டத்தைத் தட்டும் சத்தம் வாசல்வரை கேட்டது. பூவம்மாளின் இடது கை முட்டி தோலுரிந்து ரத்தம் கசிந்தது. தொட்டியில் அந்தப் பெரிய மீன் மட்டும் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிளாட்டி ஒன்றின் பாதி உடம்பு மேலே மிதந்தது. ஒவ்வொன்றாகப் போனதை அவள் பார்த்திருக்கிறாள். கூப்பிட வாய் இல்லை.

மாத்திரையோடு வந்த மகன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"நல்லதுன்னுதான்பா வாங்கினு வந்தேன்."

"தெரியும்டா. உன்ன இன்னா சொல்றது? ஆனா உங்கம்மா ஒண்டியா படுத்துக்கினு அத்தனையும் பாத்துச்சே."

அன்புசெல்வன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதான். அவள் அவன் தலையில் கை வைத்தாள். தொட்டிப் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

மறுநாள் ராஜமாணிக்கம் பெரிய மீனை ஜெனிபரிடம் கொடுத்துவிட்டு, பழையபடியே பன்னிரண்டு மீன் வாங்கிவந்தார். பூவம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, தொட்டியைக் கூடத்துக்கு மாற்றினார்.

தை பிறந்த ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த பிறகும் அவர் தொட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. காலையில் வயலுக்குப் போகுமுன் தீனி போடுகிறார். நின்று பார்ப்பதில்லை.