தட்டுவடை செட்டும் மூன்று ரெய்டும்

எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம் அது ஒன்றுதான்.

மத்தியானம் மூன்று மணிக்கு மகளுக்குக் கபடி இறுதி ஆட்டம். அவள் மலைக்குக் கீழே விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கிறாள், மாவட்ட அணிக்கு ஆடுகிறாள். ரெய்டு போவதுதான் அவள் வேலை. தனியாளாக எதிரணிக் கட்டத்துக்குள் பாடிக்கொண்டே நுழைந்து, யாரையாவது தொட்டுவிட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். இவ்வளவு விவரமாகச் சொல்கிறேனே தவிர, அவள் ரெய்டு போய் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம் நர்ஸ். ஆட்டம் என்றைக்கோ அன்றைக்கென்று பார்த்து எனக்கு டூட்டி விழும், இல்லையென்றால் ஒரு பிரசவம் வந்து நிற்கும். லீவு கிடைத்த ஒரே தடவையும் ரோட்டில் மரம் விழுந்து, பஸ் பாதி மலையில் நின்றுவிட்டது.

இந்த முறை ஆட்டத்தை யூடியூபில் நேரடியாகக் காட்டுகிறார்கள் என்று போன் செய்தாள். "ஜெயிக்கறமோ தோக்கறமோ, நீ பாரும்மா. முடிஞ்சதும் கூப்புடுவேன், பாத்தியான்னு கேப்பேன்" என்றாள். அதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை, அவள் சொன்னதை அப்படியே பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் சிக்னல் என்ற ஒன்று என் வீட்டு ஹால் ஜன்னல் கம்பியில் மட்டும்தான் இருக்கிறது. என் போனை அந்தக் கம்பியில் செருகி வைத்து, அதிலிருந்து டிவிக்கு நெட் கொடுக்க வேண்டும். ஒரு அடி நகர்த்தினாலும் படம் நின்று சக்கரம் சுற்றும். மற்றவர்கள் வைத்திருக்கிற சிம்மெல்லாம் வேறு கம்பெனி, மலை ஏறியதும் அவர்கள் போன் மணி பார்க்கத்தான் ஆகும். அதனால் குவார்ட்டர்ஸே என் ஹாலுக்கு வருவதாக முடிவாயிற்று. பக்கத்து வீட்டு கிளார்க் சார், அவர் மனைவி டீச்சர், ஆம்புலன்ஸ் டிரைவர், இன்னும் இரண்டு மூன்று பேர். என் வீட்டுக்காரர் அடிவாரத்தில் எங்கள் காட்டு வெள்ளாமையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறவர், சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டார்.

வருகிறவர்களுக்கு வாய்க்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே. ஆனால் நான் அடுப்படியில் நிற்கக் கூடாது. யோசித்து யோசித்துத்தான் ஒவ்வொன்றும் வைத்தேன். விடிந்ததுமே குச்சிக்கிழங்கை, அதுதான் மரவள்ளியை, தோலுரித்து, மூடி போடாமல் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, கடுகும் வரமிளகாயும் தாளித்துத் தேங்காய்ப்பூ தூவி வைத்தாயிற்று. எங்கள் காட்டு நிலக்கடலையை உப்புப் போட்டு அவித்து வைத்தேன். அன்னாசியை நறுக்கி, உப்பும், தட்டிய இந்த மலை மிளகும் தூவினேன். அதன் வாசத்துக்கே கிளார்க் சார் இரண்டு தடவை வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இதற்கெல்லாம் மேலே தட்டுவடை செட். சேலத்துப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்குகிற மொறுமொறு தட்டுவடை ஒன்று, அதன்மேல் பூண்டும் மிளகாயும் அரைத்த சிவப்புச் சட்னி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும், பொடி வெங்காயம், கொஞ்சம் புதினாச் சட்னி, மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து மூடி அப்படியே வாய்க்குள் தள்ள வேண்டியதுதான். வடையை வீட்டுக்காரர் பாக்கெட்டாக வாங்கி வந்துவிட்டார். சட்னி அரைத்து, துருவித் துருவிக் கிண்ணங்களில் நிரப்பி, ஹால் நடுவில் பாய் விரித்து வரிசையாக வைத்துவிட்டேன். அவரவரே அடுக்கித் தின்னட்டும், என்னைக் கூப்பிட வேண்டாம்.

வீட்டுக்காரர் பையில் தட்டுவடைக்கு அடியில் ஒரு சீப்பு வாழைக்காயும் கடலை மாவும் இருந்தன. எதற்கு என்று கேட்டேன். மேட்ச் என்றால் பஜ்ஜி இல்லாமலா என்றார். எனக்கு வந்ததே கோபம். வாழைக்காயைத் தூக்கி அடுப்படி மூலையில் போட்டுவிட்டு, இன்றைக்கு இந்த வீட்டில் எண்ணெய் காயாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இரண்டரைக்கே நான் டிவிக்கு நேர் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தேன் என்று பெயர்தான். எழுந்து போய் போன் சரியாக நிற்கிறதா என்று பார்த்தேன். துடைத்த டிவியையே மறுபடி துடைத்தேன். டீச்சர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஆட்டம் ஆரம்பித்தது. என் மகள் நீல பனியனில் முதல் ரெய்டுக்குக் கோட்டைத் தாண்டினாள். ஓரத்தில் நின்ற பெண் ஒருத்தி அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள், நான்கு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். அவுட்.

தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். சொம்பை வாயில் வைக்கிறேன், ஹாலில் கைதட்டல். எங்கள் அணி ஒருத்தியைப் பிடித்துப் போட, என் மகள் மறுபடி களத்துக்குள் வந்து, போன வேகத்தில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஓடி வந்தேன். நான் உட்கார்ந்ததும் அவள் அடுத்த ரெய்டு போனாள், பிடிபட்டாள்.

கிளார்க் சார் தொடையில் தட்டிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊர்ப்பக்கம் ஆட்டம் பார்க்கிற எல்லா வீட்டிலும் இந்த ராசிப் பைத்தியம் உண்டு. என் பிறந்த வீட்டில் கிரிக்கெட் ஓடுகிறபோது, எங்கள் அப்பா ஒரு காலை மடக்கி உட்கார்ந்த நேரத்தில் சிக்ஸர் போனது என்பதற்காக என் அண்ணன் அவரைக் கடைசிவரை அந்தக் காலை நீட்ட விட்டதில்லை. அப்பா காலைத் தேய்த்துக்கொண்டே நொண்டி நொண்டித்தான் சாப்பிட வருவார். சீட்டு மாறக் கூடாது, சட்டை மாறக் கூடாது, எழுந்து போனவர் திரும்பி வரக் கூடாது.

"சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. நீங்க உள்ள இருந்தா பாயிண்ட் வருது" என்றார் கிளார்க் சார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் முறைத்தேன். என் வீடு, என் டிவி, என் போன், நான் பத்து மாசம் சுமந்த பிள்ளை, இதில் நான் உள்ளே போவதா? வாயில் வந்ததைச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் டிவியில் எதிரணிக்குப் பாயிண்ட் ஏறிக்கொண்டிருந்தது. என் கால் தானாக எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டது. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. என்னை யாரும் பிடித்துத் தள்ளவில்லை.

போன கொஞ்ச நேரத்தில் ஹால் அதிர்ந்தது. எதிரணியில் கடைசி ஆள் வரைக்கும் வெளியே போய்விட்டார்கள் என்று டிரைவர் கத்திச் சொன்னார். அப்புறம் நான் நிலைப்படியைத் தாண்ட முடியுமா? கழுத்தை நீட்டினால் போதும், உள்ளே, உள்ளே என்று ஆளுக்கொரு கை என்னை நோக்கி ஆடியது. தட்டுவடை நொறுங்குகிற சத்தம் கேட்டது. நான் அடுக்கி வைத்த கிண்ணங்கள் எல்லாம் அங்கே, நான் இங்கே.

பாதி ஆட்டம் முடிந்த இடைவேளையில் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். சும்மா நிற்கிற நேரத்துக்கு அந்த வாழைக்காயைச் சீவினால் என்ன என்று கேட்டார். கரண்டியை எடுத்து எறிந்திருப்பேன். எறியவில்லை. கைக்கு ஏதாவது வேலை இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். மாவைக் கரைத்தேன், சட்டியை ஏற்றினேன்.

இரண்டாவது பாதி முழுவதையும் நான் காதால்தான் பார்த்தேன். டீச்சர் "ஐயோ" என்றால் எதிரணிக்கு. கிளார்க் சார் தொடையில் தட்டினால் எங்களுக்கு. யாரும் பேசாமல் இருந்தால் யாரோ கோட்டுக்குப் பக்கத்தில் இழுபடுகிறார்கள் என்று அர்த்தம், அப்போது என் கையில் இருக்கிற வாழைக்காய்த் துண்டு மாவில் முங்கியபடியே நிற்கும். ஒரு துண்டை எண்ணெயில் விட மறந்து தரையில் விட்டேன். இன்னொன்றைத் திருப்ப மறந்து கரியாக்கினேன். மகள் பெயரைச் சொல்லி ஹாலே கத்துகிறது, என்ன செய்தாள், எப்படிச் செய்தாள், இடது பக்கம் போனாளா வலது பக்கம் போனாளா, ஒன்றும் தெரியாமல் நான் சல்லிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்புறம் ரீப்ளே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளார்க் சார் ஹாலிலிருந்தே சமாதானம் சொன்னார். முடிந்துபோனதைப் பார்க்கிறதும் நடக்கிறபோது பார்க்கிறதும் ஒன்றா? குழந்தை பிறந்த போட்டோவைக் காட்டி, இதோ பிரசவம் பார்த்தாயிற்று என்று நான் சொன்னால் ஒத்துக்கொள்வார்களா?

தட்டை வாங்க வந்த டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். போய்ப் பாருங்கள், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் மாட்டேன் என்றேன். நான் போனால் பிடித்துவிடுவார்கள் என்று என் வாயாலேயே சொன்னேன். ஊசி போட்டால் தோஷம் என்கிறவர்களை ஊர் ஊராகப் போய்த் திட்டுகிற வாய் இது.

டீச்சர் தட்டைக் கீழே வைத்தார்.

"அவ ஜெயிக்கணும்னு உங்ககிட்ட கேட்டாளா? பாருங்கன்னுதானே கேட்டா" என்றார்.

பஜ்ஜி எண்ணெயில் மிதக்க மிதக்க அடுப்பை அணைத்தேன். மாவுக் கையோடு ஹாலுக்குள் போனேன். எங்கள் அணி ஒரே பாயிண்ட் பின்னால் இருந்தது. கடைசி ரெய்டு. நீல பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு கோட்டருகே நின்றது என் மகள்தான்.

கிளார்க் சார் கையைத் தூக்கினார். என் வீட்டுக்காரர் அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கினார். "உக்காரட்டும் உடுங்க சார்" என்றார். நான் பாயில் கிண்ணங்களைத் தள்ளிவிட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துப் படம் நின்று சக்கரம் சுற்றியது. யாரும் அசையவில்லை. ஜன்னல் கம்பியில் இருந்த போனை முறைத்தபடி நான் என்னென்னவோ வேண்டினேன்.

படம் வந்தது. அவள் உள்ளே போய்விட்டிருந்தாள். உதட்டைக் கடித்து, இடது காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். சின்னப் பிள்ளையில் எங்கள் காட்டு வாய்க்காலைத் தாண்டுவதா வேண்டாமா என்று நின்று யோசிக்கிறபோது அப்படித்தான் வைப்பாள். எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது, துடைக்கக்கூட இல்லை, துடைக்கிற நேரத்தில் எதையாவது தவறவிட்டுவிடுவேன். குனிந்தாள், பாய்ந்து ஒருத்தியின் முழங்காலைத் தொட்டாள், திரும்பினாள். இடுப்பில் ஒரு பிடி, காலில் ஒரு பிடி. அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு மார்பால் நகர்ந்து கையை நீட்டினாள். கோடு விரலுக்கு எட்டவில்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

கிளார்க் சார் கடலைத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேனா இல்லையா என்று அவர் கேட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், சண்டையாவது போட்டிருப்பேன். டீச்சர் அடுப்படியில் மிச்சத்தைப் பொரித்து எடுத்துவந்து எல்லோர் தட்டிலும் வைத்தார், வேறு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை போலிருந்தது.

ஜன்னலில் போன் அடித்தது. அவள்தான். போனைக் கம்பியிலிருந்து எடுத்தால் சிக்னல் போய்விடும், அங்கேயே ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். நான் எழுந்து போவதற்குள், பார்க்கவில்லை என்று என்னைச் சொல்லச் சொல்லிக் கிளார்க் சார் தலையை ஆட்டி ஜாடை காட்டினார். பிள்ளை தோற்றதை அம்மா பார்த்தாள் என்று தெரிய வேண்டாம் என்று நல்ல மனசோடுதான் காட்டினார்.

"பாத்தியாம்மா?" என்றாள் மகள். இன்னும் இரைத்துக்கொண்டிருந்தது.

"பாத்தேன் கண்ணு."

"எதெது பாத்த?"

எனக்குப் பொய் வரவில்லை. "மொத ரெய்டு, மூணாவது ரெய்டு. அப்பறம் கடேசி" என்றேன்.

"மத்ததெல்லாம்?"

"பஜ்ஜி போட்டுட்டிருந்தேன் சாமி."

சிக்னல் போய்விட்டதோ என்று போனைக் கம்பியோடு சேர்த்து அழுத்தினேன். போகவில்லை, அந்தப் பக்கம் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது.

"ஆட்டம் பூராவும் என்னை மூணே தடவதாம்மா புடிச்சாங்க" என்றாள்.