ராசியான மெத்தை

செங்கல் நிறத்தில் தடித்த ரப்பர் மெத்தை. ஓரத்தில் சைக்கிள் டியூபுக்குப் போடுவதுபோல ஓர் ஒட்டு. தலைமாட்டில் தண்ணீர் ஊற்ற ஒரு வாய், அதற்குத் திருகு மூடி. எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரை காய்ந்து கிடந்த ஒரு கோடையில், மதினியும் நானும் அதைச் சுருட்டி ரிக்‌ஷாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மதினி என் அண்ணன் மனைவி, உசிலம்பட்டிப் பக்கம். பேச்சில் ரொம்பச் சிக்கனம். அண்ணன் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வீடு திரும்பியிருந்தான்.

கால் வருமா என்றே நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். டாக்டரோ முதுகைப் பற்றியே பேசினார். படுக்கைப் புண் ஆழமானால் ஆளையே முடித்துவிடும், தண்ணீர் மெத்தை போட்டுப் புரட்டிப் புரட்டிப் படுக்க வையுங்கள் என்றார். அது எங்கள் மண்டையில் ஏற நாளாயிற்று. சொந்தக்காரர்கள் நர்சிங் ஹோம் என்றார்கள், எண்ணெய்க் கட்டு என்றார்கள். மதினியோ தோட்டைக் கழற்றி விற்றாள். மெத்தை வாடகைக்கும், கட்டு மாற்ற வீட்டுக்கு வரும் நர்ஸம்மாவுக்கும் அந்தப் பணம். “தோடு இல்லாட்டி காது கேக்காமயா போயிரும்?” என்றாள்.

ஆஸ்பத்திரிச் சாமான்களை வாடகைக்கு விடும் கடையில் அவள் கேட்டது ஒன்றுதான். “அண்ணே, இதுல படுத்து யாரும் சாகலையே?” கடைக்காரர் நிமிராமலே சொன்னார்: “இல்லம்மா. போன தடவ படுத்தவரு எந்திரிச்சு நடந்து போயிட்டாரு.” மதினிக்கு அது போதுமாக இருந்தது.

குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். தெருப் பெண்கள் ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து மெத்தையில் ஊற்றினார்கள். “ஊரே குடத்தத் தூக்கிட்டு அலையுது, நான் இம்புட்டுத் தண்ணி மேல படுத்துக் கெடக்கேன்” என்று அண்ணன் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. மெத்தை வருமுன்பே புண் ஆழமாகிவிட்டிருந்தது. ஆடி பிறப்பதற்குள் காய்ச்சல் கண்டு போய்விட்டான். எனக்கு அழுகை வரவில்லை. மூடியைத் திருகித் தண்ணீரைத் திறந்துவிட்டு, அது முற்றத்தில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாடகை ஏறிக்கொண்டிருந்தது. காரியம் முடிந்ததும் மதினி மெத்தையை டெட்டால் போட்டுக் கழுவி, நிழலில் காயவைத்து, என்னையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனாள். “வீட்டுக்காரருக்கு எப்படிம்மா இருக்கு?” என்று கடைக்காரர் கேட்டார்.

“எந்திரிச்சு நடக்காக.”

அவர் நிமிர்ந்தார். பொட்டில்லாத அவள் நெற்றியைப் பார்த்தார். பிறகு மெத்தையைச் சுருட்டி அலமாரியில் வைத்தார். “நல்லது தாயி. ராசியான மெத்தைன்னு சொல்லிக் குடுக்கேன்.” போன தடவை எழுந்து நடந்தவரைப் பற்றி அப்போதுதான் எனக்கு விளங்கியது. திரும்பும் வழியில் மதினி ஒரே ஒரு முறை வாய் திறந்தாள். “நெசத்தச் சொன்னா அடுத்தவ எப்படி வாங்கிட்டுப் போவா?”

சென்ற மாதம், படுக்கையில் விழுந்த என் கணவருக்கு வாடகைக் கட்டிலும் மெத்தையும் வந்தன. இப்போது போனில் சொன்னால் போதும், மோட்டார் வைத்த காற்று மெத்தையை வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகிறார்கள். இதற்குமுன் யார் படுத்திருந்தது என்று மருமகள் கேட்டாள். “நல்லாகி, கோயிலுக்கெல்லாம் நடந்து போறாரும்மா” என்றார் வந்தவர். மருமகள் முகம் தெளிந்தது. நான் மெத்தையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். ஒட்டு எதுவும் இல்லை. “நல்லது தம்பி” என்று சொல்லிவிட்டு விரிப்பைப் போட்டேன்.