ஜேக்கப் ஏன் அழுதார்

ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் ஊர் கேட்டியிலிருந்து மேற்கே அரைமணி நேரம் ஓட்டினால் ஃப்ரீவேயை விட்டு இறங்கி, நெல் வயல்களுக்கு நடுவே போகும் ஒரு குறுகிய சாலையில் திரும்ப வேண்டும். அந்தச் சாலையில் எதிரே வருகிற பிக்கப் ட்ரக் ஒவ்வொன்றிலும் ஓட்டுபவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டுவார். ஹூஸ்டன் ஃப்ரீவேக்களில் பதினெட்டு வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு ஒற்றை விரல் என்றால் ஒரே அர்த்தம்தான், வசவு. முதல் ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் வரிசையாக அப்படிக் காட்டியதும் ஹெட்லைட், இண்டிகேட்டர், வேகம் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். ஒரு குற்றமும் தெரியவில்லை. மூன்றாவது வாரம்தான் அது ஆள்காட்டி விரல் என்பதைக் கவனித்தேன். வணக்கம் சொல்கிறார்களாம். பதிலுக்கு நான் இரண்டு கையையும் கூப்பப் போய், வண்டி வாய்க்கால் பக்கம் ஒதுங்கியதை என் மனைவி சுமதி இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்தச் சாலையின் கோடியில் வெள்ளைச் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு மென்னோனைட் தேவாலயம் இருக்கிறது. மென்னோனைட் என்றால் யார் என்று ஊரிலிருக்கும் என் நண்பன் வாட்ஸப்பில் கேட்டான். போருக்குப் போகமாட்டோம், சத்தியப் பிரமாணம் செய்யமாட்டோம் என்று சொல்லிச் சொல்லியே நாடு நாடாக நகர்ந்த கிறிஸ்தவர்கள் என்று எழுதினேன். "அப்ப குதிரை வண்டியில போவாங்களே, அவுங்களா?" என்றான். அது ஆமிஷ், பங்காளி வகை. இவர்களுடைய ட்ரக்குகளில் என் காரை மடித்து வைத்துவிடலாம். ஸ்விட்சர்லாந்தில் துரத்தப்பட்டு, பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறி, சில தலைமுறை கழித்து நிலம் தேடி டெக்சஸுக்கு வந்தவர்கள். கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவோம் என்று யாரும் வந்ததாகத் தெரியவில்லை. அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்கள் நம்மைவிடத் தெளிவானவர்கள்.

சுமதி நடத்தும் தமிழ்ப் பள்ளிக்கு அறுபது பிள்ளைகள், சொந்தமாக ஒரு அறை கிடையாது. நூலக அறையில் தொடங்கி, அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸுக்குப் போய், ஒரு கோடை முழுவதும் ஒருவருடைய கராஜில் உயிர்மெய் எழுத்துகளை வியர்வையோடு கற்பித்தார்கள். கராஜ்காரரின் அண்டை வீட்டார் புகார் செய்த வாரம், என் அலுவலக நண்பர் ஒருவர் இந்தத் தேவாலயத்தின் பின்னால் பெரிய ஹால் ஒன்று சும்மா கிடப்பதாகச் சொன்னார். வாடகை என்ன என்று சுமதி கேட்டதற்கு, போகும்போது நாற்காலிகளை அடுக்கி வைத்துவிடுங்கள் என்று பதில் வந்தது. ஒரு வருஷத்துக்கு அனுமதி. வருஷம் முடிந்ததும் சபை கூடி, நிரந்தரமாகத் தருவதா இல்லையா என்று முடிவு செய்யும். அவர்கள் சபையில் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லோருக்கும் சம்மதம் என்றால்தான் சம்மதம். ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் விஷயம் அங்கேயே நின்றுவிடும்.

அந்த வருஷத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு பொதுச் சாப்பாட்டில், எண்பத்து நான்கு வயதான லியோனா ஆன்ட்டி, நம் வீட்டுப் பெண்கள் கொண்டுபோன தயிர்சாதத்தை ரைஸ் புட்டிங் என்று நம்பிச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தபோது, நீ என்ன செய்கிறாய் என்று என்னைக் கேட்டார். எண்ணெய்க் கம்பெனியில் சாஃப்ட்வேர் என்று சொன்னால் போதும். நான் எழுத்தாளன் என்று சொன்னேன். தமிழ்ச் சங்க ஆண்டு மலரில் எழுதுகிறவன், என்னை வாசிப்பவர்கள் பன்னிரண்டு பேர், அதில் நால்வர் பிழை திருத்துபவர்கள் என்ற விவரங்களை விட்டுவிட்டேன். அடுத்த வாரம் லியோனா ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். சபை தொடங்கிய நாளிலிருந்து எழுதப்பட்ட நிகழ்ச்சிக் குறிப்பேடுகள். சபைக்கு ஒரு வரலாறு எழுத வேண்டுமாம். அவருக்குக் கண் மங்கிவிட்டது, மற்றவர்களுக்கு அறுவடை. எழுத்தாளர் என்று ஊரில் வேறு யாரும் இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குறிப்பேடுகள் என்னைப் பிடித்துக்கொண்டன. முதல் சில ஏடுகள் ஜெர்மனில் இருந்தன. யாரோ புண்ணியவான் பக்கத்திலேயே இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தார். பிரசங்கம் ஜெர்மனிலா, இங்கிலீஷிலா என்று வருஷக்கணக்காகச் சண்டை. சனிக்கிழமைகளில் ஜெர்மன் பள்ளி நடத்தியிருக்கிறார்கள். "பிள்ளைகளிடம் ஜெர்மனில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கின்றன" என்று ஒரு குறிப்பு. கை தவறி, போன வாரத்து எங்கள் பெற்றோர் கூட்ட மினிட்ஸைத்தான் எடுத்துவிட்டேனோ என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

அதற்குச் சில பக்கங்கள் தள்ளித்தான் எனக்கான குழி இருந்தது. நான்கே வரிகள். ஏழு சகோதரர்கள் 'லாட்'டின் முன் நின்றார்கள். லாட் ஜேக்கப் மேல் விழுந்தது. ஜேக்கப் அழுதார். சகோதரிகள் மதிய உணவு பரிமாறினார்கள். ஜேக்கப் என்பவர் லியோனாவின் அப்பா என்பது எனக்குத் தெரியும். லாட் என்றால் என்ன என்பதும் தெரியும் என்றுதான் நினைத்தேன். கேட்டியில் வீடு வாங்கியவனுக்கு அது தெரியாதா? ரியல் எஸ்டேட் ஏஜென்ட் கார்னர் லாட், லேக் சைடு லாட் என்று மூன்று மாதம் அதையே ஜபித்தார். லாட் என்றால் மனை. ஏழு சகோதரர்கள், ஒரு மனை. கோபிச்செட்டிபாளையத்துக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பாகப்பிரிவினை.

எங்கள் குடும்பத்தில் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது எனக்கு ஏழெட்டு வயது. அப்பாவும் பெரியப்பாக்கள் மூவரும் மாரியம்மன் கோயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பூசாரி நான்கு சீட்டுகளைச் சுருட்டி அம்மன் காலடியில் போட்டார். அப்பாவுக்குக் கல்லாங்காடு விழுந்தது. அப்பா வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார். கிணற்றோடு சேர்ந்த வயல் விழுந்த நடுப் பெரியப்பாதான் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுதவன் ஜெயித்தவன் என்பது அன்று நான் கற்றது. அப்புறம் பதினோரு வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

ஆகவே சபையின் வரலாற்றில் முழுசாக ஓர் அத்தியாயம் எழுதினேன். ஜேக்கப் என்னும் கெட்டிக்கார விவசாயி, உடன்பிறந்த ஆறு பேரைத் தாண்டி நல்ல மனையைக் கைப்பற்றி ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார். சில வருஷம் கழித்து ஐந்தாறு குடும்பங்கள் சபையை விட்டு வேறு சபைக்குப் போனதாகக் குறிப்பு இருந்தது. காரணம் எழுதப்படவில்லை. எழுதப்படாவிட்டால் என்ன, பங்காளிச் சண்டை என்று எனக்குத் தெரியாதா? அதையும் நயமாகச் சேர்த்தேன். பெரிய எழுத்தில் முப்பது பிரதிகள் எடுத்து, சபையார் கையில் நானே சிரித்துக்கொண்டு கொடுத்தேன். எல்லோரும் வாசித்துவிட்டு அடுத்த ஞாயிறு கருத்துச் சொல்வார்கள். அதே கூட்டத்தில்தான் தமிழ்ப் பள்ளியின் விஷயமும்.

சனிக்கிழமை மத்தியானம். சுமதி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வயது மகள் நிலா, சாப்பாட்டு மேஜையில் கிடந்த பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என் எழுத்தை அவள் வாசிப்பது அதுவே முதல் தடவை. பெருமையாக இருந்தது, ஒரு நிமிஷம்.

"அப்பா, திஸ் இஸ் நாட் லேண்ட்."

"எது?"

"லாட். டிராயிங் லாட்ஸ், அப்பா. லைக் சீட்டு. பாஸ்டர் யாருன்னு சூஸ் பண்றது. பிரதர்ஸ்னா சர்ச்ல எல்லாரும்தான். தே ஆர் நாட் பிரதர்ஸ் பிரதர்ஸ்."

பிறகு அவளே ஃபோனில் தேடி விளக்கினாள். அந்தக் காலத்தில் சில மென்னோனைட் சபைகளில் போதகரைப் படிக்கவைத்துக் கொண்டுவருவதில்லை. சபை தனக்குள்ளேயே சிலரை முன்மொழியும். அவர்கள் எத்தனை பேரோ அத்தனை பாட்டுப் புத்தகங்களை மேஜையில் வரிசையாக வைப்பார்கள். ஒன்றுக்குள் மட்டும் ஒரு துண்டுச் சீட்டு. ஆளுக்கொரு புத்தகம் எடுக்க வேண்டும். சீட்டு யார் புத்தகத்தில் இருக்கிறதோ அவர் அன்றிலிருந்து சாகும்வரை போதகர். சம்பளம் கிடையாது, மறுக்கவும் முடியாது. திருவுளச்சீட்டு. அம்மன் காலடியில் என் கண்ணால் பார்த்த அதே சீட்டு. அலுவலகத்தில் வருஷாவருஷம் உத்திரமேரூர்க் குடவோலை பற்றி வெள்ளைக்காரர்களுக்கு ஸ்லைடு போட்டு வகுப்பெடுக்கிறவன் நான். எனக்கு அதே சங்கதி எதிரே வந்தபோது கார்னர் லாட்டாகத் தெரிந்திருக்கிறது.

சுமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அந்தம்மாவோட அப்பாவ, சொத்தைப் புடுங்கிட்டு அழுதாருன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அதும் பெரிய எழுத்துல."

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

"முப்பது காப்பி தப்பாப் புரிஞ்சிருக்கீங்க. அந்தம்மா ஒருத்தங்க வேண்டான்னா போதுங்க. அறுபது புள்ளைங்களையும் உங்க ஆஃபீஸுக்குக் கூட்டிட்டு வரட்டுமா?"

லியோனாவுக்கு ஃபோன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. மூன்று தடவை செய்தேன். சண்டையே போடாத ஜனங்களுடைய கோபம் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அவர்கள் ஃபோனை எடுக்கமாட்டார்கள் என்று தோன்றியது.

ஞாயிறு பகல் சுமதியும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முதலில் பாட்டு. வாத்தியம் எதுவும் கிடையாது, நான்கு குரல்கள் பிரிந்து பிரிந்து சேரும். மற்ற நாள் என்றால் ரசித்திருப்பேன். பாட்டு முடிந்ததும், கூட்டத்தை நடத்தியவர் வரலாற்றுப் பிரதியை எல்லோரும் வாசித்தாயிற்றா என்று கேட்டார். யாரும் பேசவில்லை. எங்கள் சங்கத்துக் கூட்டத்தில் இப்படி ஒரு அமைதி விழுந்தால் அடுத்தது ராஜினாமா. நான் எழுந்தேன். மனையைப் பற்றி எழுதியது என் அறியாமை, மன்னிக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன். இங்கிலீஷ் நடுவில் காலை வாரிவிட்டது. லியோனா முன் வரிசையிலிருந்து திரும்பாமலேயே, உட்காரு என்பதுபோல் கையைக் காட்டினார். பிறகு மெல்ல எழுந்து பேசினார். அவர் பேசியதை என் தமிழில் தருகிறேன்.

"எங்க அப்பா அன்னிக்கு அழுததைப் பணிவுன்னு சொல்லித்தான் எல்லாரும் எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க. பணிவெல்லாம் இல்ல. பயம். அந்த வருஷந்தான் பிரசங்கம் இங்கிலீஷுக்கு மாறுச்சு. மாடு வாங்க, விதை வாங்க அவர்கிட்ட இங்கிலீஷ் இருந்துச்சு. கடவுளைப் பத்திப் பேச இல்ல. வீட்டுக்கு வர வழியெல்லாம் அம்மாகிட்ட அதைத்தான் சொல்லி அழுதார். எனக்கு ஒம்போது வயசு. சனிக்கிழமை சனிக்கிழமை சமையலறையில பிரசங்கத்தை எங்கிட்டச் சொல்லிக் காட்டுவார், நான் தப்பைத் திருத்துவேன். இத நான் இந்தச் சபையில யார்கிட்டயும் சொன்னதில்ல, அவர் மானம் போயிடும்னு."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இத்தனை வருஷத்துல அவர் ஏன் அழுதார்னு யோசிச்ச முதல் ஆள் இந்தத் தம்பிதான். பதில் தப்பு. நிலம் கெடச்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."

மென்னோனைட்டுகள் சத்தமாகச் சிரிப்பதில்லை. முப்பது முதுகுகள் எனக்கு முன்னால் குலுங்கின. ஃபோனை ஏன் எடுக்கவில்லை என்று பிற்பாடு கேட்டேன். தங்கை மகள் அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாளாம், மூன்றாவது தடவையாக. சிரித்து மூச்சு வாங்கிவிட்டதாம்.

அடுத்து ஹால் விஷயம். தமிழ்ப் பள்ளி இங்கேயே இருக்கட்டும் என்பதில் யாருக்காவது மாற்று எண்ணம் உண்டா என்று நடத்தியவர் கேட்டார். மறுபடியும் அமைதி. ஒருவர் இருமினார். லியோனாவின் தலை அசைகிறதா என்று பார்த்தேன், அது அசையவே இல்லை. அப்புறம் எல்லோரும் எழுந்து நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள். முடிவை எழுத்தில் தெரிவிப்பார்கள் போலிருக்கிறது, எப்போது வரும் என்று சுமதியின் காதில் கேட்டேன்.

"முடிஞ்சுதுங்க. சரின்னுட்டாங்க."

"யார் சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலீல்ல. அதாங்க சரி." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கராஜின் வியர்வை, அபார்ட்மென்ட் மேனேஜரின் கடிதங்கள், எல்லாம் அந்த முந்தானையில் போயின. நான்கு நாற்காலிகளைச் சேர்த்துத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். லியோனா சொன்னபடியே, பயத்தைப் பயம் என்றே. ஐந்தாறு குடும்பங்கள் ஏன் போயின என்பதற்கு, தெரியவில்லை என்று எழுதினேன். எழுத்தாளனாக நான் எழுதியதிலேயே கஷ்டமான வரி அதுதான். கடைசிப் பக்கத்தை லியோனா தானே சொல்லச் சொல்ல என்னைத் தட்டச் சொன்னார். அறுவடை, கூரை மாற்றியது, யார் யார் காலமானார்கள் என்று போய், "ஞாயிறு பிற்பகல்களில் வீ டீச் தமிழ்" என்று முடித்தார். 'தே' என்று போடவேண்டாமா என்று கேட்டேன். அவர் மங்கிய கண்ணால் நான் இருக்கும் திசையைப் பார்த்து, "வீ" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ், இன்னும் சர்க்கரை போட்டுச் சாப்பிடுகிற தயிர்சாதம் மட்டும்தான். ஆனால் சபையில் ஒருவருக்கும் மாற்று எண்ணம் இல்லை, அச்சுக்குப் போயிற்று.

போன வாரம் சுமதி, அந்தக் கடைசி வரியைப் பள்ளியின் அறிவிப்புக்காகத் தமிழில் கேட்டாள். ஒரே ஒரு வரி. இங்கிலீஷ்காரர்கள் 'வீ' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நமக்கு இரண்டு இருக்கிறது, ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நாங்கள் என்று எழுதினால் லியோனா வெளியே நிற்கிறார். நாம் என்று எழுதினால் அவர் உள்ளே வந்துவிடுகிறார், கூடவே அவருடைய அப்பாவும், அந்த ஏழு சகோதரர்களும். அவர்களுக்கு நடுவே நான் யார் என்றுதான் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஹாலின் மூலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகள் ஆத்திசூடியைக் கத்துகிறார்கள். இரண்டு சொல்லுக்கும் முதலெழுத்து ஒன்றுதான் என்பதால் அதுவரைக்கும் தட்டிவிட்டேன். திரையில் 'நா' என்று நிற்கிறது. அதன் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.