பாதி மழித்த தலை

எங்கள் வார்டில் ஒருவர் இருந்தார். மூளை ஆபரேஷனுக்குப் போகிறவர்களின் தலைமுடியை மழிப்பது அவர் வேலை. பதினைந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். அதனால் நான்தான் அவருக்கு மெதுவண்ணன் என்று பெயர் வைத்தேன். "மெதுவண்ணன் வந்துட்டேன் சிஸ்டர்" என்று அவரே சொல்லிக்கொண்டு வருவார். அப்படிப்பட்ட மனுஷனை எப்படித் திட்டுவது? ஆனாலும் திட்டினேன். வார்டைக் கட்டி மேய்க்கிற நர்ஸுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நோயாளியின் தோளில் துண்டைப் போர்த்தி, வெந்நீர்த் துணியால் தலையைத் துடைப்பார். "உங்களுக்காக ஜெபம் பண்ணிக்கட்டுமா?" என்று கேட்பார். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு மெஷினை எடுப்பார். சரி என்றால் இரண்டு கைகளையும் அந்தத் தலைமேல் வைத்துக் கண்ணை மூடி நிற்பார். வாயிலிருந்து சத்தமே வராது. பிறகு மெஷின் ஓட ஓட அவர்கள் பேசுவார்கள், இவர் கேட்பார். கேட்டது அவரோடு சரி. நான் எவ்வளவு துருவினாலும் ஒரு சொல் பெயராது.

ஒரு நாள் காலை பஸ் டிரைவர் ஒருவருக்கு ஆபரேஷன். மண்டைக்குள் கட்டி. தியேட்டரிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. திரையை விலக்கினால், டிரைவர் பாதித் தலை மழித்த கோலத்தில் உட்கார்ந்திருக்கிறார். மெதுவண்ணன் மெஷினை அணைத்து வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"என்னண்ணே இது, அங்க டாக்டர் ரெடியா நிக்கிறாரு."

"இவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் சிஸ்டர். கொஞ்சம் உக்காருங்க."

"நீங்களே சொல்லித் தொலைங்க. எனக்கு நேரமில்ல."

"அவர் சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்னு அவர்கிட்டயே சொல்லிட்டேன். ஆனா மொதல்ல அவர் வாயால வரட்டும். பார்வை இல்லாதவன் வந்து நின்னப்போ, அவனுக்கு என்ன வேணும்னு இயேசுவுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் அவனையே சொல்ல வெச்சாரு."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, முக்காலியை என் பக்கம் நகர்த்தினார். உட்கார்ந்தேன். அந்த வார்டில் ஒரு நோயாளியின் பக்கத்தில் நான் எப்போது உட்கார்ந்தேன் என்று எனக்கே நினைவில்லை.

டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு நெஞ்சுல கோளாறு இருக்கு சிஸ்டர். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறேன். நேத்துகூட சாப்பிட்டேன். தெரிஞ்சா ஸ்டியரிங்கத் தொட விடமாட்டாங்க. வீட்லயும் யாருக்கும் தெரியாது."

என் கையில் இருந்த படிவத்தில் மருந்து எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துதான். முந்தின நாள் நடந்துகொண்டே கேட்டு, அவர் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தேன்.

ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். "தெரியாமத் தெறந்திருந்தா ரத்தத்த நிறுத்தியிருக்கவே முடியாது" என்றார் டாக்டர். மருந்துக் கிடங்கில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு மனுஷன் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றதில் இன்னொரு உயிர் தப்பியிருக்கிறது. கோயிலுக்குள் செருப்போடு புகுந்துவிட்டதுபோல் கூசிப்போனேன். வேலையை விட்டு நிற்கச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அத அப்பவே மறந்துட்டேன்" என்றார்.

டிரைவருக்கு அடுத்த பயம் மனைவி. "வேலை போயிடும்னு அவகிட்ட எப்படிண்ணே சொல்றது? உங்க ஆண்டவர் வேற வேலை குடுப்பாரா?"

"தெரியலையே தம்பி. ஆனா நீங்க சொல்லும்போது நான் கூட இருக்கேன்."

மெதுவண்ணனின் வேலை நேரம் மதியத்தோடு முடிந்துவிடும். அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல், பார்வையாளர் நேரம் வரும்வரை அந்தக் கட்டிலருகிலேயே இருந்தார். டிரைவரின் மனைவியை நான்தான் உள்ளே அழைத்துவந்தேன். டிரைவர் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். அந்த அம்மா அழவில்லை, ஏசவும் இல்லை. அவர் நெற்றியில் ஒட்டியிருந்த முடியைத் துடைத்துவிட்டார்.

"எனக்குத் தெரியும்ங்க. சட்டையத் துவைக்கறப்ப பையில மாத்திரை அட்டை இருக்கும். ரெண்டு வருஷமா எடுத்து வெச்சிட்டுத்தான் துவைக்கறேன். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். டாக்டர்கிட்டயாவது சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

மெதுவண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. முந்தின நாள் காலையிலிருந்து அந்த அம்மா வார்டு வாசல் பெஞ்சிலேயேதான் உட்கார்ந்திருந்தார். இருபது தடவையாவது அவரைத் தாண்டிப் போயிருப்பேன். ஒரு தடவைகூட நின்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.