மார்த்தா அவிழ்க்காத கட்டு

பள்ளிமுனையில் மார்த்தா என்றால் நண்டு வலையும் வெடுக்கென்ற பேச்சும்தான். புருஷன் செத்த பிறகு படகைத் தானே ஓட்டிப் பிழைத்தவள். சண்டை உச்சத்தில் நின்ற வருடம், சோதித்துவிட்டுத் தருகிறோம் என்று அந்தப் படகின் இஞ்சினைக் கடற்கரைக் காவலரண் இராணுவத்தார் கழற்றிக்கொண்டு போனார்கள். நாற்பது தரம் போய்க் கேட்டாள். நாளைக்கு வா என்றார்கள். துடுப்பு வலித்து வலித்து அவள் தோள் வீங்கிப் போனது.

போர்நிறுத்தம் வந்ததும், நின்றுபோயிருந்த கொள்ளைக்காரர் விழாவைக் கோயில் சபையார் மறுபடி எடுத்தார்கள். கரியில் மீசை வரைந்த கொள்ளைக்காரர் படகில் வந்திறங்கி, வீட்டுக்கொரு பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பிள்ளைகள் துரத்திப் பிடித்துத் தென்னையில் கட்டுவார்கள். எடுத்தது வீட்டுக்காரி கைக்குத் திரும்பினால்தான் கட்டு அவிழும். அவிழ்க்கிறவளும் அவள்தான்.

இந்த முறை நல்லுறவுக்காகக் அந்தக் காவலரணுக்குப் பொறுப்பான சார்ஜனையும் கொள்ளைக்காரனாக்கினார் சபைத் தலைவர் தோமஸ். கேட்டதும் மார்த்தாவுக்கு உச்சந்தலை கொதித்தது. இவனுக்கு வேஷம் வேறு வேணுமோ என்று வலையை உதறி எறிந்தாள்.

சார்ஜன் அவள் வீட்டில் ஓலையில் பின்னிய ஒரு பனங்கட்டிக் குட்டானைத் தூக்கினான். பிள்ளைகள் சும்மா விடுவார்களா? கட்டிவிட்டார்கள். தோமஸ் குட்டானை வாங்கி நீட்டினார். மார்த்தா கை நீட்டவில்லை.

"இது என்னத்துக்கு? என்ர இஞ்சினைக் கொண்டு வரச் சொல்லுங்கோ."

சனம் கொல்லென்று சிரித்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தோமஸ் கிட்ட வந்து, இது பிள்ளைகளின் விளையாட்டு, நாளைக்கு ஊருக்கே கரைச்சல் வரும் என்று கெஞ்சினார்.

"நான் விளையாடேல்ல, தம்பி. எடுத்தது வந்தால் அவிழ்ப்பன். இந்த வழக்கத்தை நானோ கொண்டு வந்தனான்?"

சார்ஜன் முதலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். வெயில் ஏற ஏற மீசைக் கரி கழுத்துவரை வழிந்தது. கூட வந்த சிப்பாய்களோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் சிங்களத்தில் அவர்கள்மேல் எரிந்து விழுந்தான். இரண்டு பேர் காவலரணுக்கு ஓடினார்கள்.

மத்தியான மணி அடிக்க முன்னம், சாக்கில் சுற்றிய இஞ்சின் வந்திறங்கியது. மார்த்தா குந்தியிருந்து சாக்கை விலக்கினாள். மூடியைக் கழற்றினாள். அடி நுனிவரை தடவிப் பார்த்துவிட்டு எழும்பினாள்.

"புரொப்பலர் எங்க?"

கயிற்று முடிச்சை இன்னும் ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டு, தென்னை நிழலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள்.