பூட்டிய காருக்குள் என் மகள்

கனடாவிலிருந்து எட்டு மாத மகளுடன் முதன்முறையாக எங்கள் ஊரான பரளச்சிக்குப் போயிருந்தேன். மதுரை விமான நிலையத்திலிருந்து அப்பாவே கார் ஓட்டி வந்தார். பின்சீட்டில், நான் கொண்டுவந்திருந்த குழந்தை இருக்கையில் மகள் தூங்கிவிட்டாள். வாசலில் இறங்கியதும் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதபடியே உள்ளே போய்விட்டேன். டிக்கியிலிருந்து சாமான்களை இறக்கிவிட்டு அப்பா காரைப் பூட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் மனைவியான மதினி, "பிள்ளைய எங்க?" என்றார்.

"அம்மாகிட்ட..."

"ஏங்கிட்டயா? நீயில்ல வச்சிருந்த!" அம்மா அலறினார்.

உச்சி வெயிலில் நின்ற காருக்குள் மகளுக்கு முகமெல்லாம் சிவந்து, அழக்கூடச் சத்தம் வரவில்லை. ஈரத்துணியைச் சுற்றி அருப்புக்கோட்டை மருத்துவமனைக்கு ஓடினோம். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள்.

மறந்தது நான். ஆனால் அப்பா, "நாந்தேன பூட்டுனேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கிளம்பும்வரை பேத்தியைத் தூக்கவே இல்லை. நீட்டினால், "வேணாம்த்தா, நீயே வச்சுக்க" என்று விலகிப் போவார்.

இப்போதெல்லாம் யாரிடம் குழந்தையைக் கொடுத்தாலும், "பாப்பா உங்ககிட்ட இருக்கா" என்று சொல்லி, அவர்கள் "சரி" என்ற பிறகே நகர்கிறேன். அப்பா போனில் என் நலத்தைக்கூட விசாரிப்பதில்லை. எடுத்ததும், "பிள்ள இப்ப யாருகிட்ட இருக்கு?" என்றுதான் கேட்கிறார்.